இனிஷியலோடு நின்றுபோன பெயர்

என் மனைவிக்கு சி மொழி கற்றுத்தர நானாகவே முன்வந்தேன். யாரும் கேட்கவில்லை. எனக்கு சி மொழி தெரியாது என்பது அப்போது எனக்கே தெரியாது. வெட்கப்பட வேண்டிய பகுதி அதுதான்.

இளவயதில் சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்திருந்தேன். ஏசி அறை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் நுழைவதுபோல நுழைய வேண்டும். மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். நான் எப்போதும் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து குளிர்ச்சியை மட்டும் பயின்றேன். முடிவில் கொடுத்த சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டினேன். அது வருடக்கணக்கில் அங்கேயே தொங்கியதில், அதில் எழுதியிருப்பதை நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். வீட்டுக்கு வரும் உறவினர்கள் யாராவது "கம்ப்யூட்டரும் தெரியுமுங்களா?" என்றால், "சி தெரியுமுங்க" என்பேன். ஓரெழுத்தில் முடிந்துபோகும் விஷயத்தைப் பற்றி மேற்கொண்டு என்ன கேட்பது என்று அவர்களுக்கும் தெரியாது. பேச்சு முட்டை விலைக்குப் போய்விடும்.

மனைவி நாமக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். நாங்கள் இருப்பது புதுச்சத்திரம். காலையில் பஸ்ஸில் போய்ப் பொழுதோடு திரும்புவாள். அந்தப் பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் பெங்களூர் போய்விட்டாள். கரஸ்பாண்டன்ட் என் மனைவியை அழைத்து, "கணக்குக்கு ஆளு அதிகமா இருக்குதுங்க மேடம். அடுத்த வருசம் செக்ஷன் வேற குறையுது. தபால்ல ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமா படிக்கறீங்களே, அதை முடிச்சுட்டீங்கன்னா பதினொண்ணாங் கிளாசை நீங்களே எடுத்துக்கலாம். இல்லீன்னா..." என்று நிறுத்திக்கொண்டார். தனியார் பள்ளி கரஸ்பாண்டன்டுகள் இப்படித்தான். பாதி வாக்கியத்தை நம்மிடமே விட்டுவிடுவார்கள்.

எழுத்துத் தேர்வுகளை அவள் ஏற்கனவே முடித்திருந்தாள். பாக்கி சி மொழிச் செய்முறைத் தேர்வு மட்டும். அதில் தேறினால் பள்ளி, தேறாவிட்டால் வீடு. மே மாத விடுமுறையிலேயே சாக்பீஸ் தூசி இல்லாமல் மூச்சுத் திணறுகிறவள் அவள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வாய்ப்பாடு கேட்பாள். அந்தப் பிள்ளைகள் மே மாதத்தில் எங்கள் வாசலைச் சுற்றிக்கொண்டு போவார்கள். வருடம் முழுக்க மே மாதம் என்றால் அவள் என்ன ஆவாள் என்று நினைத்தேன். தெருவின் கதியையும் நினைத்தேன். உடனே, "நான் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். சான்றிதழ் சுவரில் இருந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் வேலை பார்க்கும் கோழித்தீவனக் கம்பெனியில் கழித்துப்போட்ட லேப்டாப் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் பாடம் ஆரம்பித்தோம். முதல் பயிற்சி, ஒரு மாணவியின் பெயரையும் மதிப்பெண்ணையும் கேட்டு வாங்கித் திரையில் காட்ட வேண்டும். புத்தகத்தைப் பார்த்து அவளே எழுதினாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கற்றுக்கொடுப்பதில் எனக்குத் தெரிந்த பகுதி அதுதான்.

பெயர் கேட்டது. நம் ஊர் வழக்கப்படி முதலில் இனிஷியல், ஓர் இடைவெளி, பிறகு பெயர் என்று தன் பெயரையே அடித்தாள். மதிப்பெண்ணுக்குக் காத்திருக்காமல் கம்ப்யூட்டர் பதிலைக் கொட்டிவிட்டது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றை எழுத்து. மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் எந்தப் பள்ளியிலும் யாரும் வாங்கியிராத ஒரு நீளமான எண்.

"ஏனுங்க, என்ற பேரு எங்கீங்க?" என்றாள்.

"இனிஷியல் வந்திருக்குதில்ல."

"இனிஷியல் எங்கப்பாருதுங்க. பரீட்சை எழுதறது நானு."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். இந்த மொழியைச் செய்தவர்கள் கடல் கடந்தவர்கள், நம் இனிஷியல் சம்பிரதாயம் அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை என்று விளக்கினேன். "இனிஷியலை விட்டுட்டுப் பேரை மட்டும் அடி அம்மணி."

அடித்தாள். பெயர் முழுதாக வந்தது. மதிப்பெண்ணும் ஒழுங்காகக் கேட்டது. நான் சான்றிதழைப் பார்த்தேன்.

அவள் திருப்தியடையவில்லை. "என்ற கிளாசுல ஒரே பேருல மூணு புள்ளைங்க இருக்குதுங்க. இனிஷியலை உட்டுட்டா ஆரு மார்க்கை ஆருக்குப் போடறது?"

அதற்குப் பிறகு அவள் செய்ததைத்தான் நான் இங்கே எழுத விரும்புகிறேன். கணக்கு விடைத்தாள் திருத்தும் டீச்சர்களிடம் ஸ்டெப் மார்க் என்று ஒரு வழக்கம் உண்டு. கடைசி விடை தப்பாக இருந்தாலும், எந்த வரி வரைக்கும் பிள்ளை சரியாக வந்திருக்கிறதோ அதுவரைக்கும் மார்க் போடுவார்கள். சிலர் பெயருக்குச் செய்வார்கள். இவள் அப்படியில்லை. முதல் வரியிலிருந்து விரல் வைத்துக்கொண்டே போய், பிளஸ் மைனஸாக மாறிய இடத்தைக் கண்டுபிடித்து ஒரு சிவப்பு வட்டம் போடுவாள். "இது வரைக்கும் புள்ள நல்லாத்தான் வந்திருக்குது" என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். இரக்க குணம் என்று இத்தனை வருடமாக நான் கிண்டல் செய்துவந்தது அதைத்தான். அன்றைக்கு அதே விரல் திரைமேல் வரிவரியாக இறங்கியபோதுதான், அது துப்பறியும் வேலை என்பது எனக்குப் புரிந்தது.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றினாள். இனிஷியலுக்குப் பிறகு புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் அடித்தாள். முழுப்பெயரும் வந்தது. புள்ளியை எடுத்துவிட்டு இடைவெளி விட்டாள். நின்றுபோனது. இனிஷியலே இல்லாமல், பெயரை நடுவில் உடைத்து அடித்தாள். உடைந்த இடத்தில் நின்றது.

"இனிஷியலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. அடிக்கறதை உள்ள வாங்கற இந்த ஸ்கேன்எஃப் இருக்குதுல்ல, எடம் உட்டா பேரு முடிஞ்சுதுன்னு நெனச்சுக்குது. மிச்சப் பேரு வெளியவே நிக்குது. அடுத்தாப்புல மார்க்குக்குக் கதவைத் தொறந்தா அதுதான் முன்னாடி நிக்குது. எண்ணு வர்ற கதவுல எழுத்து எப்புடிப் போகும்? அதுதான் கண்டதையும் காட்டுது."

"அதைத்தான் நானும் சொன்னேன்" என்றேன். அவள் வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை மட்டும் பார்த்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் வந்தார். சங்ககிரியில் லாரிகள் வைத்திருக்கிறார். வண்டி ஒன்றை வாசலிலேயே நிறுத்திவிட்டு, தங்கச்சி கையால் சாப்பிட்டுப் போகலாம் என்று வந்தவர் லேப்டாப்பைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டார். அன்றைய பயிற்சி, ஊர்ப் பெயர் ஒன்றைப் பெட்டிகளில் போட்டுத் திரும்ப எடுத்துக் காட்டுவது. சி மொழியில் எழுத்துக்கு ஒரு பெட்டி. "இங்கிலீஷில் சேலத்துக்கு அஞ்சு எழுத்து. அஞ்சு பெட்டி போதும்" என்று ஆசிரியர் என்ற முறையில் சொன்னேன்.

திரையில் சேலம் வந்தது. அதற்குப் பின்னாலேயே ஓர் இதயம், ஏதோ ஒரு கொம்பு, தலைகீழான ஓர் எழுத்து என்று ஊர்வலமும் வந்தது.

"சேலம் வரைக்கும் வண்டி நல்லாத்தான போச்சு. அப்பறம் எங்க போவுது கண்ணு?" என்றார் மச்சான்.

"வைரஸ்" என்றேன் நான்.

அவள் விரல் வைத்துப் பார்த்தாள். ஐந்து என்பதை ஆறாக்கினாள். ஊர்வலம் மறைந்தது. சேலம் மட்டும் சுத்தமாக நின்றது.

"உங்க கம்பி லாரி மாதிரிதாங்கண்ணா" என்று அண்ணனிடம் சொன்னாள். "கம்பி வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா கடைசில செவப்புத் துணி கட்டறீங்கல்ல? அது இல்லீன்னா எங்க முடியுதுன்னு பொறத்தாண்ட வர்றவனுக்கு எப்புடித் தெரியும்? எழுத்துக்கும் கடைசில ஒரு துணி கட்டோணும். கண்ணுக்குத் தெரியாத துணி. அதைக் கட்டறதுக்கு ஒரு எடம் வேணுமில்லீங்க."

மச்சான் என் பக்கம் திரும்பினார். "துணி கட்டாம உட்டது ஆரு? மாப்ளையா? லைசென்சை வாங்கி வெச்சுக்க கண்ணு."

மாப்பிள்ளைக்கும் மானம் உண்டு. அவள் சமையலறைக்குப் போன நேரத்தில் நானே உட்கார்ந்து, மச்சானின் லாரி நம்பர்களை வாங்கி வரிசையாகக் காட்டும் புரோகிராம் ஒன்றை எழுதினேன். அது ஓடவும் செய்தது; அந்தச் சந்தோஷத்தை இப்போதும் மறைக்க விரும்பவில்லை. வாசலில் நிற்கும் வண்டியின் நம்பரை, பலகையில் இருப்பதுபோலவே இடைவெளிகளோடு அடித்தேன். கம்ப்யூட்டர் அதை நான்கு லாரிகளாகப் பட்டியலிட்டது. முதல் லாரியின் பெயர் டிஎன். இரண்டாவது லாரி இருபத்தெட்டு. மற்ற இரண்டும் அதே ரகம்.

மச்சான் விரல்விட்டு எண்ணினார். "ஒரு வண்டி நாலு வண்டியாயிருச்சு. மாப்ள, இதைப் பேங்குல காட்டுனா லோன் குடுப்பானுங்களா?"

அவள் குழம்புக் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். ஸ்கேன்எஃப்பைத் தூக்கிவிட்டு எஃப்கெட்ஸ் என்பதைப் போடச் சொன்னாள். அது இடைவெளியைப் பார்த்து மயங்காது, வரி முழுவதையும் வாங்கும். மாற்றினேன். லாரி ஒன்றானது. மச்சான் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்.

சாப்பாட்டுக்குப் பிறகு அதையே அவள் தன் பயிற்சியாக எடுத்துக்கொண்டாள். லாரி நம்பர்களை முதலிலேயே பட்டியலாக உள்ளே எழுதிவிட்டாள்; ஒரு நம்பரைக் கொடுத்தால், அந்த லாரி பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். இரண்டும் சமமா என்று பார்க்க இரட்டைச் சமக்குறி போடு என்றேன். எண்களுக்குப் போடுவதுதானே. போட்டாள். வாசலில் நின்ற வண்டியின் நம்பரைக் கொடுத்தாள். "இல்லை" என்றது.

"இல்லையா?" என்று மச்சான் எழுந்து வாசலுக்குப் போய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தார். "நிக்குது கண்ணு."

விரல் மறுபடியும் இறங்கியது. புத்தகத்தைப் புரட்டினாள். "ரெண்டு நம்பரும் ஒண்ணான்னு இது பாக்கலீங்க. ரெண்டும் ஒரே எடத்துல நிக்குதான்னு பாக்குது. வேற வேற எடத்துல நின்னா எப்புடி ஒண்ணாகும்?" எழுத்து எழுத்தாக ஒப்பிடுவதற்கென்றே இருக்கிற ஸ்டர்கம்ப் என்பதைப் போட்டாள். மறுபடியும் "இல்லை".

இந்த இடத்தில் என்னுடைய துறை அனுபவம் உதவிக்கு வந்தது. லேப்டாப்பை அணைத்துவிட்டுத் திரும்பப் போடலாம் என்றேன். போட்டோம். "இல்லை". மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றலாம் என்றேன். அவள் என் கையை மெதுவாக விசைப்பலகையிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தாள்.

பிறகு ஒரு சின்ன வேலை செய்தாள். கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருக்கும் நம்பரைத் திரையில் காட்டச் சொன்னாள், முன்னால் ஓர் அடைப்புக்குறி, பின்னால் ஓர் அடைப்புக்குறி வைத்து. ஓடவிட்டாள். திறக்கும் குறி வந்தது, நம்பர் வந்தது. மூடும் குறி அதே வரியில் இல்லை. அடுத்த வரியில் தனியாக விழுந்து கிடந்தது.

"ஆப்புட்டுச்சுங்க" என்றாள், சத்தமில்லாமல். "நம்பரை அடிச்சுட்டு என்டர் தட்டறோமில்ல, அந்த என்டரும் சேந்து உள்ள வந்திருக்குது. நம்மு கண்ணுக்கு ரெண்டு நம்பரும் ஒண்ணு. அதுக்கு ஒண்ணுல வால் இருக்குது, ஒண்ணுல வால் இல்ல."

வாலை நறுக்கினாள். "இருக்கிறது" என்றது திரை. மச்சான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "இப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு" என்றார்.

நான் நிறையப் படித்தவன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அலமாரியைப் பார்த்துச் சொல்வது. படித்ததில் பாதி, கண்ணுக்குத் தெரியாததைப் பற்றித்தான். தத்துவக்காரர்கள் பக்கம் பக்கமாக அதைத் துரத்தியிருக்கிறார்கள். இவள் அதன் இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரிகிற இரண்டு குறிகளை நிறுத்தினாள்; அது தானாகக் காட்டிக்கொடுத்துக்கொண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் ஆசிரியர் நாற்காலியிலிருந்து இறங்கி டீ போடும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். அதிலும் சர்க்கரை தப்பியது.

தேர்வு சேலத்தில் ஒரு படிப்பு மையத்தில். நானும் கூடப் போனேன். பஸ்ஸில் அவள் ஜன்னல் வழியே லாரிகளின் நம்பர் பலகைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். மையத்தின் வாசலில், கடைசி நேர உபதேசம் ஒன்று கொடுக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. "ஏதாச்சும் தகராறு பண்ணுச்சுன்னா, இனிஷியலை விட்டுடு அம்மணி. பாஸ்தான முக்கியம்."

அவள் உள்ளே போனாள். எதிர் டீக்கடையில் உட்கார்ந்து ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். அவள் வெளியே வரும்போதும் அதே பக்கத்தில்தான் இருந்தேன். முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்பும் பஸ் சீலநாயக்கன்பட்டி தாண்டிய பிறகுதான் பேச ஆரம்பித்தாள்.

கேள்வி எளிதுதான். பதிவெண் கேட்க வேண்டும், பெயர் கேட்க வேண்டும், இரண்டையும் காட்ட வேண்டும். வால் நறுக்குவது உட்பட எல்லாவற்றையும் சரியாக எழுதி ஓடவிட்டிருக்கிறாள். பதிவெண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டது. "பெயர்?" என்று கேட்டது. கேட்ட வேகத்தில், பதிலுக்கு நிற்காமல் தாண்டிப் போய்விட்டது. கல்யாண மண்டபத்தில் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே பந்திக்கு நடக்கும் சொந்தக்காரர்களைப் போல. பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமை. வீட்டில் இது ஒருமுறைகூட வந்ததில்லை.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முதல் வரிசையில் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வருகிறார். இவள் இரண்டாவது வரிசை. மேற்பார்வைக்கு நின்ற இளைஞர் இவள் திரையைப் பார்த்துவிட்டுக் குனிந்து, "பேரை புரோகிராமுக்குள்ளயே எழுதி வெச்சிடுங்க மேடம். அவுட்புட் வந்தாப் போதும். அவர் அதையெல்லாம் பாக்க மாட்டார்" என்றிருக்கிறார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். கிட்டத்தட்ட நான் வாசலில் சொன்னதும் அதுதான்.

"அந்தத் தம்பி சொன்னப்ப கை அப்புடியே கீபோர்டுக்குப் போச்சுங்க" என்றாள். "பாஸாயிருவேன். ஜூன்ல கிளாசுக்குப் போவேன். ஒரு புள்ள எந்திரிச்சு, மிஸ், எனக்குப் பேரு வர மாட்டேங்குதுன்னு நிக்கும். அதுக்கு நான் என்ன பண்ணோணும்? உன்ற பேரை உள்ளயே எழுதிக்க கண்ணுன்னா சொல்றது?"

"அப்பறம்?"

"அப்பறம் என்னங்க. முதல் வரில இருந்து வந்தேன். பதிவெண் வரைக்கும் சரி. அதுக்கப்பறம்தான் தடம் மாறுது. வாலை நறுக்கறதுக்கு முன்னாடியே பேரைக் காட்டச் சொல்லி, ரெண்டு பக்கமும் அடைப்புக்குறி போட்டேன். மூடற குறி அடுத்த வரில உழுந்துச்சுங்க. பெட்டி காலியே இல்ல. உள்ள ஒரு என்டர் குந்திட்டு இருக்குது."

பதிவெண்ணுக்குப் பிறகு தட்டிய என்டர் அது. ஸ்கேன்எஃப் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அதை வாசலிலேயே விட்டுவிட்டது. எஃப்கெட்ஸ் கதவைத் திறந்ததும் அது உள்ளே நுழைந்து, பெயர் வந்துவிட்டது என்று உட்கார்ந்துகொண்டது. வீட்டில் அவள் துரத்தியது வாலில் ஒட்டிய என்டரை. இது தலைமாட்டில் வந்து நின்ற என்டர். பெயர் கேட்பதற்கு முன், அந்த ஒன்றை வாங்கி வெளியே போட ஒரு வரி எழுதினாள். அடைப்புக்குறிகளை எடுத்தாள். தேர்வாளரின் நிழல் மேசைமேல் விழுந்தது.

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து தன் பெயரையே அடித்தாராம். இரண்டு இனிஷியல், நடுவில் இடைவெளிகள், பிறகு பெயர், பெயருக்கு நடுவிலும் ஓர் இடைவெளி. என்டர் தட்டினார். ஒன்றும் குறையாமல் வந்து நின்றது.

"காலையில இருந்து எல்லா மிஷின்லயும் நான் வெறும் இனிஷியல்தாம்மா" என்றாராம். "இங்கதான் ஆளா வந்திருக்கிறேன்."

இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. பிள்ளைகள் நூற்றுக்கு நூறு வாங்கும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளின் நுனியில் துணி ஒழுங்காகக் கட்டியிருந்தது.

தேறிவிட்டாள். கரஸ்பாண்டன்ட் பாதியில் விட்ட வாக்கியத்தை முடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஜூனில் பதினொன்றாம் வகுப்புக்குப் போனாள். முதல் நாள் இனிஷியலோடு பெயரை அடிக்கச் சொல்லி, அது நின்றுபோன இடத்திலிருந்து பாடத்தை ஆரம்பித்தாளாம். கணக்கு வகுப்பிலிருந்து ஏறி வந்திருந்த, ஒரே பெயருள்ள அந்த மூன்று பெண்களைத்தான் முன்னால் உட்கார வைத்தாளாம்.

அன்றைக்குச் சாயங்காலம் மச்சான் இனிப்போடு வந்திருந்தார். எல்லோரும் அவளைப் பாராட்டி முடித்து, பேச்சு முட்டை விலைக்குத் திரும்புகிற நேரம். எனக்குப் பொறுக்கவில்லை. ஹாலில் தொங்கும் சான்றிதழின் கீழே நின்றுகொண்டு, "முதல் பாடம் நடத்தினவனுக்கும் இதுல கொஞ்சம் பங்கு உண்டில்ல அம்மணி?" என்றேன்.

அவள் இனிப்புப் பெட்டியை மூடிவிட்டு நிதானமாக யோசித்தாள்.

"ஸ்டெப் மார்க்காச்சும் போடலாமுன்னு முதல் வரில இருந்து பாத்துட்டே வந்தேனுங்க" என்றாள். "கேள்வி நம்பரு மட்டுந்தான் சரியா எழுதியிருக்கறீங்க."